மீன்பாசி

மீன் தொட்டியின் கண்ணாடியில் படிகிற பச்சைப் பாசியால் மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மீன் வளர்க்கிற யாரும் முதல் வருடத்திலேயே இதைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுரண்டத்தான் செய்வார்கள். பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் மீன் கழிவைச் சாப்பிடுகிறது, வெளிச்சம் இருக்கும்வரை ஆக்சிஜன் விடுகிறது, மோலி மாதிரியான மீன்களுக்கு நாள் முழுக்கக் கொறிக்க ஏதாவது தருகிறது. நீலப்பச்சையாகத் தோல் போலப் படர்ந்து நாற்றமடிக்கும் ஒன்று உண்டு. அது பாசியே அல்ல, பாக்டீரியா, அதை விட்டுவிடலாம். மற்றபடி, பச்சையேறிய தொட்டிக்குள் இருக்கும் மீனுக்குப் புகார் எதுவும் கிடையாது. புகார் வெளியே சோபாவில் உட்கார்ந்திருப்பவருடையது.

ஆக, கண்ணாடியைச் சுத்தம் செய்வது மீனுக்காக அல்ல, நாம் பார்ப்பதற்காக. இதைச் சொல்லி, மனிதன் சுயநலக்காரன் என்று ஒரு வரியில் கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. என்னைத் தொந்தரவு செய்வது தமிழில் இருக்கும் ஒரு வினைச்சொல். ஒருவரைப் பேணுவதை நாம் ‘பார்த்துக்கொள்வது’ என்கிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், மாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். “வயசான காலத்துல அவங்கள யாரு பாத்துக்குறா?” என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். பார்வையைத்தான் பேணுதலுக்குச் சொல்லாக வைத்திருக்கிறோம். அப்படியானால், நன்றாகப் பார்ப்பதற்காக நான் செய்கிற ஒரு வேலை, நன்றாகப் பார்த்துக்கொள்வதும் ஆகிவிடுமா?

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. நான் வேலை பார்ப்பது சென்னையில். அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஹாலில் மூன்றடி நீளத்துக்கு ஒரு தொட்டி வைத்தார். சுமாராக 100 லிட்டர் பிடிக்கும். மோலி, ஏஞ்சல், மூலையில் கொஞ்சம் செடி. வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். கால்வாசி என்றால் 25 லிட்டர்.

25 லிட்டர் என்பது சென்னையில் என் வீட்டில் ஒரு எண். அருப்புக்கோட்டையில் அது கிட்டத்தட்ட இரண்டு குடம். போர் தண்ணீர் உப்பு. தொட்டியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் கண்ணாடியைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவிடும். எலுமிச்சை தேய்த்தால்தான் போகும். நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளுக்குக் காத்திருந்து பிடிக்க வேண்டும். அம்மா முதல் மாதமே கேட்டுவிட்டாள். “ஏய்யா, குடிக்கிற தண்ணிக்கே இந்தப் பாடு. மீனுக்கு ரெண்டு குடமா?” அப்பா பதில் சொல்லவில்லை. போர் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து ஒரு வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபிறகு விடுவார். எடுத்த பழைய தண்ணீரை முருங்கைக்கும் மல்லிகைத் தொட்டிக்கும் ஊற்றுவார். மீன் கழிவு நைட்ரேட்டாக மாறிச் செடிக்கு உரமாகிறது என்று ஒரு நாள் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா மல்லிகையைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. தண்ணீருக்கு ஒரு விலை இருக்கிற ஊரில் அழகுக்கு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கலாம் என்பதற்கு மல்லிகை ஒரு சாமர்த்தியமான பதில், அவ்வளவுதான்.

பக்கவாட்டிலிருந்து மீனைப் பார்ப்பது மிகச் சமீபத்திய பழக்கம். மனிதர்கள் காலங்காலமாக மீனை மேலிருந்துதான் பார்த்தார்கள். சீனர்கள் பீங்கான் தொட்டிகளில் வளர்த்த தங்க மீன்கள் மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும்படி இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. நம் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் வாய்கள் மட்டும்தான் மேலே வரும். மற்றதெல்லாம் பச்சைக்குள் ஒரு அசைவு. இங்கிலாந்தில் 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்துச் செய்த சோதனையை எழுதினார். செடி ஆக்சிஜன் தரும், மீன் வாழும் என்பது கணக்கு. செடியின் இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, பாசி படர்ந்தது. அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, தொட்டி தெளிந்தது. 1853இல் லண்டன் விலங்கியல் பூங்கா பொதுமக்களுக்கு மீன் இல்லத்தைத் திறந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த வரிசைதான். பக்கவாட்டுப் பார்வை பிறக்கும்போதே பாசியும் கூடவே வந்துவிட்டது. அதற்கு முன்னால் குளத்தில், கிணற்றில், பீங்கான் தொட்டியில் இருந்த அதே பாசி யாருக்கும் அழுக்காகத் தெரியவில்லை. நமக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்திய பிறகுதான் அது மறைப்பு ஆனது.

அதோடு, பாசி தூசியைப் போல வெளியிலிருந்து வந்து விழுவதில்லை. அதற்குத் தேவையான இரண்டையும் நாமே கொடுக்கிறோம்: தீனி, வெளிச்சம். மீன் தின்னாமல் விட்ட தீனியும், தின்று கழித்ததும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிறது. நாம் ரசிப்பதற்காக விளக்கை எரியவிடுகிறோம். மீனுக்கு இமை கிடையாது. விளக்கை அணைக்கிற வேலையை வெளியே இருப்பவர்தான் செய்தாக வேண்டும். தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குக் குறைத்து, விளக்கை ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல், தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்தால் சுரண்டுகிற வேலை பாதியாகக் குறைந்துவிடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்டுக்கொண்டு போய் காந்த ஸ்க்ராப்பர் வாங்குவார்கள். பிரச்சினையைக் குறைப்பதைவிடப் பிரச்சினை தெரிகிற இடத்தைத் துடைப்பது மனதுக்குத் திருப்தியான வேலை. என் தொழிலில் இதற்காகத் தனி அணிகளே இருக்கின்றன.

தொழில் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா ஒருமுறை தலைசுற்றி விழுந்த பிறகு ஹாலில் ஒரு வைஃபை கேமரா மாட்டினேன். போனில் ஆப் திறந்தால் சென்னையிலிருந்து ஹால் தெரியும். முதல் வாரம் இரவெல்லாம் ‘அசைவு கண்டறியப்பட்டது’ என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. மீன்கள். அந்த மூலையை மட்டும் கணக்கில் எடுக்காதே என்று ஆப்பில் ஒரு கட்டம் வரைந்து விட்டேன். இப்போது வீட்டில் ஓயாமல் அசைகிற ஒரே இடம் கேமராவின் கவனத்தில் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். ஹால் எப்போதும் சுத்தமாக இருந்தது. துவைத்த துணிக் குவியல், மடிக்காத பாய், மாத்திரை அட்டைகள் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. ஊருக்குப் போனபோது உள் அறையில் எல்லாம் இருந்தன. அம்மாவிடம் கேட்டால் சிரித்தாள். “நீ பாப்பேன்னு தெரியும்ல. நீ பாக்குற எடம் நல்லாருந்தாத்தானே உனக்கு அங்க வேல ஓடும்.” அவள் எனக்காக முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள். பார்க்கப்படுகிறவரே பார்க்கிறவரைப் பார்த்துக்கொள்கிற நிலைமை இது. இதைக் கேமராவின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. அது இல்லாத இரவுகளில் எனக்குத் தூக்கம் வராது, அவளுக்கும் ஒரு தைரியம் குறையும். ஆனாலும் எங்கள் இரண்டு பேரில் யார் வேலையை யார் செய்கிறோம் என்று குழம்புகிறது.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர் ரமணர். பேசாமல், பார்வையாலேயே உபதேசித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். சைவ மரபில் அதற்கு நயன தீட்சை என்று பெயர், அதற்குச் சொல்லும் உவமை மீன். பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும், மீன் பார்த்தே பொரிக்கும். மதுரை மீனாட்சியின் பெயருக்கும் இந்த விளக்கத்தைச் சொல்வது உண்டு. இமைக்காமல் பார்த்தே காக்கிறாள். அழகான உவமை. தொட்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் ஒரு சின்னச் சங்கடம். முட்டையைக் காக்கிற மீன்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஏஞ்சல் ஜோடி முட்டைக்கு முன்னால் நின்று மாற்றி மாற்றித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தேங்காமல். பூஞ்சை பிடித்த முட்டையை வாயால் பொறுக்கி எடுத்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது பார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது.

கண்ணாடியைச் சுத்தமாக வைக்க இன்னொரு வழி, அந்த வேலைக்கென்று ஓர் உயிரை வாங்கி விடுவது. “டேங்க் கிளீனர் ஒண்ணு போட்டுக்கங்க சார், கண்ணாடிய அதுவே பாத்துக்கும்” என்று கடையில் கொடுப்பார்கள். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த ஒரு கெளுத்தி வகை. வாய் அடியில் இருக்கும், கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும், உடம்பெல்லாம் ஓடு. விரல் நீளத்தில் விற்பார்கள். அதற்கு ஊரில் வேறு பெயர் இல்லை. ஓர் உயிரை அதன் வேலையின் பெயராலேயே, அதுவும் அழுக்கு அள்ளுகிற வேலையின் பெயராலேயே கூப்பிடுவது நமக்குப் புதிதல்ல. மனிதர்களையே அப்படிக் கூப்பிட்டுப் பழகிய ஊர்கள்தாம் நம்முடையவை.

சின்ன வயதில் அது பாசி தின்னும். வளர வளர அந்த ஆர்வம் குறையும். கழிவு மட்டும் கூடும், அந்தக் கழிவு பாசிக்கு உரம். ஒன்றேகால், ஒன்றரை அடி வரை வளரும். மூன்றடித் தொட்டியில் அது திரும்புவதே சிரமம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் செய்வது, ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போய் ஏதாவது நீர்நிலையில் விட்டுவிட்டு வருவது. கொன்றோம் என்ற குற்றவுணர்வும் வேண்டாம், விடுதலை கொடுத்தோம் என்ற திருப்தியும் கிடைக்கும். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும், கேரள, ஆந்திர நீர்நிலைகளிலும், தமிழ்நாட்டிலும் இன்று மீனவர்களின் வலையைக் கிழிப்பது இந்த மீனின் முள். சந்தையில் விலை போகாது. முட்டையிடக் கரையில் வளை தோண்டும்.

கரையில் வளை என்றால் எங்கள் பக்கம் சட்டென்று புரியும். கண்மாய் என்பதே ஒரு கரைதான். மழை பெய்கிற சில வாரங்களின் தண்ணீரை நிறுத்தி வைக்கிற மண் கரை. அதில் நண்டு வளையைக்கூட அடைக்காமல் விடமாட்டார்கள்.

அப்பாவிடமும் ஒரு டேங்க் கிளீனர் இருந்தது. ஒன்றரை வருடத்தில் ஒரு அடியைத் தொட்டுவிட்டது, ராத்திரியில் ஏஞ்சல்களை முட்டித் தள்ளியது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். நான் போனில் வழிகளைச் சொன்னேன். யாராவது பெரிய தொட்டிக்காரர் இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் கிராம்பு எண்ணெய். அளவாகத் தண்ணீரில் கலந்தால் மயங்கி, வலி தெரியாமல் போய்விடும், பொறுப்பான வளர்ப்பாளர்கள் செய்வதுதான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். “வேல செய்யலன்னா கொன்னுறணுமா தம்பி?”

வாதம் என்று பார்த்தால் என் பக்கம் வலுவானது. ஒரு மீனின் வலியில்லாத சாவு ஒரு பக்கம், ஒரு கண்மாய்க் கரை இன்னொரு பக்கம். ஆனால் அவர் கண்மாயில் விடப் போவதாகச் சொல்லவே இல்லையே. மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று கிடந்தது. அதைக் கழுவி, நிழலுக்கு ஓலை போட்டு, அதில் விட்டார். வெள்ளரித் துண்டும் பூசணித் துண்டும் போடுகிறார். சிமெண்ட் தொட்டிக்குக் கண்ணாடி கிடையாது. மேலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான் தெரியும். எப்போதாவது ஒரு கருப்பு நிழல். அழகு இல்லை, வேலை இல்லை, பார்க்கவும் எதுவும் இல்லை. இந்த மீன் பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. நான் அதைச் சொன்னேன். “இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அப்பாவுக்கு வயது 68.

கண்ணாடித் தொட்டிக்கும் கண்மாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு, கண்மாய் வற்றும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போனதும் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் ஊத்தாவும் வலையுமாக இறங்கி மீன் பிடிப்பார்கள். பிறகு அடி வெடித்துவிடும். அத்தனை நாள் சேர்ந்த பாசி, கழிவு, வண்டல் எல்லாம் காய்ந்து கரம்பையாகி வண்டியில் ஏறி வயலுக்குப் போகும். விரால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். யாரும் எதையும் துடைப்பதில்லை. வறட்சியைப் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வற்றுவதை நம்பி வாழ்ந்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை தெரியும். கண்ணாடித் தொட்டியில் மட்டும் கோடையே வராது, அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கை வேண்டியிருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்துக்கு எங்கள் பக்கம் ‘மீன்பாசி ஏலம்’ என்று பெயர். அரசு அறிவிப்புகளிலும் மீன்பாசிக் குத்தகை என்றே வரும். சின்ன வயதில் இந்தச் சொல் எனக்கு விளங்கியதில்லை. மீனை ஏலம் எடுப்பது சரி, பாசியை எதற்கு? இப்போது அது மிகச் சரியான சொல்லாகப் படுகிறது. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. வாரிங்டன் தொட்டியில் தொடங்கி நாம் செய்துகொண்டிருப்பது இந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, மீனை மட்டும் வைத்துக்கொள்ளும் முயற்சி.

பாசியை விலக்குவதற்கு இதைவிடப் பழைய ஒரு முறை இருக்கிறது. குறுந்தொகையின் 399ஆவது பாட்டில் பரணர் அதை உவமையாக வைத்திருக்கிறார். காதலன் தொடும்போதெல்லாம் விலகி, கை எடுக்கும்போதெல்லாம் திரும்பப் பரவுகிறது அவள் உடம்பின் பசலை. ஊர் குடிக்கிற கேணியின் துறையில் படர்ந்த பாசியைப் போல. பாட்டு பிரிவைப் பற்றியது. நான் உவமையின் பக்கம் நின்றுகொள்கிறேன். ஊருணியில் தண்ணீர் மொண்டவர்களுக்கு அந்த அசைவு தெரியும். குடத்தின் அடியால் பாசியை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். வட்டமாக விலகும். அந்த வட்டத்தில் குடத்தை அமிழ்த்தி நிரப்பிக்கொண்டு நகர்வார்கள். பாசி திரும்பி வந்து மூடிக்கொள்ளும். ஊருணி முழுவதையும் யாரும் சுத்தம் செய்வதில்லை. தேவைப்படுவது குடத்தின் அகலம். அடுத்த ஆள் வந்து தன் குடத்துக்குத் தானே விலக்கிக்கொள்வார்.

அப்பா இப்போது முன்பக்கக் கண்ணாடியை மட்டும்தான் சுரண்டுகிறார். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று வைத்திருக்கிறார்; பிளேடைவிட அது நல்லது, மூலையில் இருக்கும் சிலிக்கான் பசையை அறுக்காது. அடியில் இருக்கும் மணலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திவிடுவார். ஒரு மணல் துகள் மாட்டினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். சோப்பு கிட்டேயே வராது. மற்ற மூன்று பக்கமும் அடர்ந்த பச்சை, மோலிகளின் மேய்ச்சல் நிலம். கேமராவில் பார்த்தால் முன்கண்ணாடியில் டியூப் லைட்டின் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் பட்டைதான் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் போனில் சொன்னால்தான் உண்டு.

போன மாதம் சொன்னார். “தம்பி, பின்னாடி கண்ணாடில ஒரு எடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. உள்ளங்கை அகலம். நான் கை வைக்கவே இல்ல.”

ஏஞ்சல் ஜோடி சேர்ந்துவிட்டது. முட்டையிடுவதற்கு முன்னால் அவை ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு வாயாலேயே கொத்திக் கொத்திப் பாசியை எடுக்கும். முட்டை ஒட்டுகிற அளவுக்குத்தான், அதற்கு மேல் எடுக்காது. எங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். ஏஞ்சல் முட்டை பொரிக்க மென்மையான தண்ணீர் வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இரண்டு நாளில் பாதி முட்டை வெள்ளையாகிவிட்டதாம். அவை ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக்கொண்டிருந்தனவாம். “மிச்சத்துக்கு விசிறிக்கிட்டே இருக்குதுப்பா, ராத்திரி லைட்ட அமத்துனப்பறமும்” என்றார். லைட்டை அமர்த்திய பிறகு எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். டார்ச் அடித்துப் பார்க்கவில்லையாம். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாராம்.